தெரிந்தவர் கட்டுரை என்றால் சொல்லிவிடுவோம்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் டீக்கடைப் பேச்சு தமிழில். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அவ்வப்போது உங்கள் இதழ்களுக்குக் கட்டுரைகளை மதிப்பிட்டும் தருகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஓர் இதழிலிருந்து கட்டுரை வந்தது. எங்கள் சித்தூர்ப் பக்கம் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல) கள் இறக்குகிறவர்களின் சொற்களைப் பற்றியது. பெயரை எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் பக்கத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. என் நெறியாளரிடமே படித்த தம்பி. களப்பணிக்கு வந்தபோது பைக்கில் தோப்புத் தோப்பாகக் கூட்டிப்போனதே நான்தான். பதினைந்து நிமிஷத்தில் ‘வெளியிடலாம்’ என்று எழுதி அனுப்பினேன். பாளை சீவும் கத்திக்கு அவர் கொடுத்திருந்த பெயரை எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. கண்ணில் பட்டது, விட்டுவிட்டேன். வேலைக்கு விண்ணப்பிக்கிற நேரம், பாவம் என்று தோன்றியது. இப்போது வேறு இருவர் அந்தச் சொல்லை மேற்கோள் காட்டுகிறார்கள்.

‘எழுதியவர் யாரென்று ஊகிக்க முடிகிறதா, அவரோடு உங்களுக்கு என்ன உறவு’ என்று இதழ் ஒரு வரி கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் கேட்கவில்லை.

நலமுரண் (தீர்ப்புச் சொல்கிறவருக்கே அதில் உறவோ காசோ இருப்பது) என்றாலே ‘என்னைத் திருடன் என்கிறாயா’ என்று நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. பக்கத்தில்தான் பிளாச்சிமடை. 2000-இல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை 2004-இல் நின்றது. ஆலையால் கிணற்றுத் தண்ணீர் கெட்டதா என்று ஆளுக்கொரு அறிக்கை வந்த காலம் அது. எங்கள் பெரியவர்கள் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்குமுன், ‘டெஸ்ட் எடுத்தது யார் காசுல?’ என்பார்கள். அதில் யாரையும் திட்டவில்லை, விவரம்தான் கேட்டார்கள்.

1967-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ அதைக் கேட்கவில்லை. இதய நோய்க்குச் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பையே குறை சொன்ன ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை அதில் வந்தது. அதை எழுத, சர்க்கரைத் தொழில்துறையின் ஆராய்ச்சி அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது வெளியே வந்தது 2016-இல். அந்த இதழ் தொடர்புகளைச் சொல்லச் சொல்லி விதி போட்டதே 1984-இல்தான்.

நமக்கு ஏது டாலர்? நம்மிடம் புழங்குவது உறவு. நெறியாளர், வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர், நாளை நேர்காணலில் உட்காரப் போகிறவர். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தமிழ்த் துறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெரிந்தவர் மதிப்பிடக் கூடாது என்றால் ஆளே கிடைக்காது. அதனால் நான் தடை கேட்கவில்லை. மதிப்பிடுகிறவர் உறவைச் சொல்லிவிடட்டும். கூடவே வெளியாள் ஒருவரும் பார்க்கட்டும், மலையாளத் துறைக்காரர் என்றாலும் சரி. ஆசிரியர் குழுவில் இருப்பவரே கட்டுரை தந்தால், முடிவெடுத்தது வேறு யார் என்று கட்டுரைக்கு அடியிலேயே அச்சிடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலை, அதாவது தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலை, கைவிட்டதிலிருந்து எது நல்ல இதழ் என்று கல்லூரிகளே பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு மூத்த ஆசிரியை ஓர் இதழைப் புரட்டி, ஆசிரியர் குழுவிலும் உள்ளே கட்டுரையிலும் ஒரே பெயர் வருகிற இடங்களைப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். பாதி இதழ் தாண்டுமுன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

கள் கட்டுரை விஷயத்தைத் தம்பியிடம்தான் முதலில் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே தோப்புக்கு வந்து சரியான சொல்லைக் கேட்டுப் போனார். இருவரும் கையெழுத்திட்டுத் திருத்தம் அனுப்பியிருக்கிறோம். மதிப்பிட்டது நான் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். இதழிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தமிழாசிரியர்