வெங்காயத் தோல் கலர்

கோத்தகிரி
மார்கழிக் குளிர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கல்யாணப் பூவுக்கு என்று நீ அனுப்பிய 4 கலர் கட்டம் போனில் வந்தது. டஸ்டி ரோஸ், ஐவரி, சேஜ் க்ரீன், டஸ்டி ப்ளூ. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது வெங்காயத் தோல் கலர்தானே, இதுக்கு எதுக்கு இங்கிலீஷு?" என்றார். எனக்கும் அப்படிச் சொன்னால்தான் சட்டென்று கண்ணில் வருகிறது. பெரிய வெங்காயத்தின் உள்தோல். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வெள்ளை. நேற்று சாயங்காலம் 4 மணிக்கு உன் கல்யாணச் சேலையை பீரோவிலிருந்து எடுத்து, முந்தானை மட்டும் தெரிகிற மாதிரி அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, நாம் பூ வளர்க்கிற பாலிஹவுஸுக்குக் கொண்டுபோனேன். உள்ளே வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். மேலே போட்ட பிளாஸ்டிக் ஷீட் வெயிலைப் பால் மாதிரி ஆக்கிவிடும், எந்தக் கலரும் எதோடும் ஒத்துப்போகிற மாதிரிதான் தெரியும். பூவை வெட்டி வாசலுக்குக் கொண்டுவந்து பட்டின் மேல் வைத்தேன். தூய வெள்ளை கார்னேஷன் பக்கத்தில், அத்தனை விலை கொடுத்து வாங்கின பட்டு, துவைத்துத் துவைத்து நைந்த பனியன் மாதிரி இருந்தது பாப்பா! எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அப்புறம் க்ரீம் கார்னேஷனை வைத்தேன். அதே சேலை, அதே வெளிச்சம், சரிகை எழுந்து நின்றது. ஆகவே தூய வெள்ளையும் வேண்டாம், உன் ஐவரிக் கட்டமும் வேண்டாம். சேலையின் வெள்ளையைவிட ஒரு சொட்டு மஞ்சள் கூடின பூதான் சரி. சர்ச்சுக்குள் எரிகிற மஞ்சள் விளக்குக்கும் அதுதான் பொருந்தும்.

சேஜ் க்ரீனுக்கு, அதாவது சாம்பல் பூத்த அந்தப் பச்சைக்கு, நீ அலையவே வேண்டாம். பெங்களூரில் யூகலிப்டஸ் கொத்து என்று காசு கொடுத்து வாங்குகிறார்களாமே, அது நம் கற்பூர மரம்தான். ஆனால் வளர்ந்த மரத்து இலை ஆகாது, அது அரிவாள் மாதிரி நீண்டு கரும்பச்சையாக இருக்கும். வெட்டின அடிக்கட்டையிலிருந்து புதுசாகத் துளிர்த்து வருமே, அந்த இலை. காம்பு இல்லாமல், எதிரும் புதிருமாகத் தண்டைக் கட்டிக்கொண்டு, திருநீறு பூசின மாதிரி வெள்ளைப் பொடியோடு இருக்கும். விரல் பட்டால் பொடி போய்ப் பச்சை பல்லிளிக்கும். தண்டை மட்டும் தொட்டுத்தான் கட்ட வேண்டும். வெள்ளைக்காரன் 1840-களில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம். தண்ணீரையெல்லாம் குடிக்கிறது என்று ஊரே திட்டுகிறது, உன் கல்யாணத்துக்காவது உதவட்டும்.

டஸ்டி ப்ளூவுக்கும் பிங்குக்கும் ஹைட்ராஞ்சியா என்று எழுதியிருந்தாய். நம் வேலியோரத்தில் மழைக்காலத்தில் பூக்கிறதெல்லாம் நீலம்தான், நீ பார்த்ததுதானே. தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் இது. இந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறுவதால் பூ நீலமாகிறது. சுண்ணாம்பு போட்டு மண்ணை மாற்றினால் அதே செடி பிங்காகப் பூக்கும், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எப்படியும் உன் கல்யாணம் நடக்கிற தை மாதத்தில் பனியில் கருகின தலைதான் மிஞ்சும். நீலத்தை மாப்பிள்ளையின் டையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கலரையும் சரிபங்காகப் போடு என்று மட்டும் சொல்லாதே. கட்சிக் கொடி மாதிரி ஆகிவிடும். க்ரீம் ஒரு கட்டு, அதாவது 20 பூ. வெங்காயத் தோல் 7, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கட்டும். அரக்குக் கலரில் 2, உள்ளே தாழ்த்தி வைப்பேன். போட்டோவில் அது தனியாகத் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் பொக்கே மாவுருண்டை மாதிரி மொழுக்கென்று இருக்கும். காம்பெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து, விளக்குமாற்றைத் திருகிப் பிடித்த மாதிரி கட்டினால் கைப்பிடி மெலிசாக வரும், உன் கை வலிக்காது. பொக்கேயைத் தொப்புள் உயரத்தில் பிடி. பதற்றத்தில் எல்லாப் பெண்களும் நெஞ்சுக்கு ஏற்றிவிடுகிறார்கள், சேலையும் தெரியாது நகையும் தெரியாது.

சித்தியிடம் இப்போதே ஒன்று சொல்லிவிட்டேன். பழம் எதுவும் பூ இருக்கும் அறைப் பக்கம் வரக் கூடாது. அவள் சிரித்தாள். நான் தனியாக எடுத்த முதல் ஆர்டர் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ மூன்றாம் வகுப்பு. குன்னூரில் ஒரு கல்யாண வீடு. முந்தின நாளே கட்டிக் கொண்டுபோய், குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஸ்டோர் ரூமில் வாளியில் வைத்துவிட்டு வந்தேன். அதே ரூமில் 2 வாழைத்தார் பழுத்துத் தொங்கியது, நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் அத்தனை கார்னேஷனும் இதழை உள்ளே சுருட்டிக்கொண்டு தூங்குகிறது. காம்பை நறுக்கினேன், தண்ணீரை மாற்றினேன், ஒன்றும் எழவில்லை. பழுக்கிற பழத்திலிருந்து எத்திலீன் என்று ஒரு வாயு வருமாம், கார்னேஷனுக்கு அது ஆகவே ஆகாதாம். அப்புறம்தான் எனக்குச் சொன்னார்கள். பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஓடையோரச் சேற்றில் இறங்கி, தானாக வளர்ந்து கிடந்த ஆரம் லில்லியை அறுத்துவந்து, ஈரக் காலோடு உட்கார்ந்து கட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

லிலியம் வேண்டும் என்று உன் தோழி சொன்னாளாமே, மேடைக்கு வைக்கலாம். மொட்டு விரிந்ததும் நடுவில் இருக்கிற மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். பட்டில் பட்டால் துருக்கறை மாதிரி ஏறிவிடும். அப்படியே பட்டாலும் ஈரத்துணியால் துடைக்காதே, டேப்பை ஒட்டி ஒட்டி எடு.

உன் கட்டத்தில் மல்லிகை இல்லை, கவனித்தேன். சாயங்காலம் பட்டுச் சேலை மாற்றியதும் தலைக்கு மல்லிகைதான், அதில் பேச்சே இல்லை. தையில் பனிக்கு வரத்து குறைந்து சத்தியமங்கலம் பூச்சந்தையில் விலை எகிறும். எகிறட்டும்.

ரவிக்கை தைத்து வந்ததும் ஒட்டுத்துணி ஒரு துண்டு கவரில் போட்டு அனுப்பு. போட்டோ வேண்டாம், துணி வேண்டும்.

அப்பா தினமும் நடக்கப் போகும்போது எந்தக் கட்டையில் துளிர் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறார். நேற்று ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து, ஹாலில் உன் போட்டோ பக்கத்தில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். என்ன என்று கேட்டதற்கு, கலர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாராம்.

அன்புடன்,
அம்மா