வாரத்துக்கு எத்தனை தடவை? ஃபேஸ் பேக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபேஸ் பேக் தயாரித்து விற்கும் கம்பெனிக்காரர்களுக்கு வணக்கம்.

பெயர் சொல்லி எழுதவில்லை. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் நான்கு பொட்டலங்களும் நான்கு கம்பெனி. நான்கிலும் ஒரே வாசகம்: நல்ல பலனுக்குத் தொடர்ந்து பயன்படுத்தவும். இந்தியில் ‘நியமித் ரூப் ஸே’. தொடர்ந்து என்றால் தினமுமா, வாரம் ஒரு முறையா, அமாவாசைக்கு அமாவாசையா? அமாவாசையும் தொடர்ந்துதானே வருகிறது.

என் அண்ணன் மகளுக்குப் போன தை மாதம் இங்கே டில்லியில் கல்யாணம். சென்னையில் வேலை பார்ப்பவள். அந்த ஊர்ப் புழுக்கத்தில் நெற்றியும் மூக்கும் சாயங்காலத்துக்குள் எண்ணெய் வழிந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள் முல்தானி மிட்டி, அதாவது களிமண் பேக், போடுவாள். ஒரு கோளாறும் வந்ததில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் இங்கே வந்து சேர்ந்தாள். ஜனவரி டில்லியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பனிமூட்டம், உள்ளே ஹீட்டர், பக்கெட்டில் ஆவி பறக்கும் வெந்நீர். கல்யாணப் பெண்ணாயிற்றே என்று தினமும் போட ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை, நான் உட்பட. பொட்டலத்திலேயே தொடர்ந்து என்று போட்டிருக்கிறதே! எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசிக்கொண்டு, டிவியில் சீரியல் முடியும் வரை உட்கார்ந்திருந்து, முகம் தண்ணீர் காணாத வயல் மாதிரி வெடித்த பிறகுதான் கழுவுவாள். பன்னிரண்டு நாள்.

நலங்கு அன்று மணையில் உட்கார்ந்தவளுக்கு அத்தை என்ற முறையில் நான்தான் முதலில் மஞ்சளும் சந்தனமும் தொட்டு வைத்தேன். விரல் கன்னத்தில் பட்டதும் அவள் கண்ணில் பொலபொலவென்று நீர். சுற்றி இருந்த மாமிகள், பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள் என்று தாங்களும் முந்தானையை எடுத்துக்கொண்டார்கள். வீடியோக்காரர் கேமராவைக் கிட்டே கொண்டுவந்தார். அவள் என் காதில் சொன்னது இவ்வளவுதான்: “அத்தை, எரியறது. தொடைச்சு விடுங்கோ.”

கன்னமெல்லாம் பொரிப்பொரியாகத் தோல் எழும்பி, மூக்கோரம் கீறல் விட்டுச் சிவந்திருந்தது. மறுநாள் மேக்கப் போட வந்த பெண் ஒரு மணி நேரம் போராடினாள். பூசப் பூச செதில் செதிலாக உதிர்ந்தது. ஆல்பம் இன்னும் வரவில்லை. வீடியோ வந்துவிட்டது. அந்த நலங்கு இடத்தில் சோகப் பாட்டு சேர்த்திருக்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மா திட்டவில்லை, களிமண் என்ன செய்யும் என்று மட்டும் சொன்னார். அது எண்ணெயை உறிஞ்சும். எண்ணெய் வழிகிற முகத்துக்கு வாரத்தில் ஒன்றிரண்டு தடவை, பத்துப் பதினைந்து நிமிஷம், முழுக்கக் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். வறண்ட முகத்தில் உறிஞ்ச எண்ணெயே இல்லை. அங்கே களிமண்ணை விட்டுவிடுவதே நல்லது, ஈரப்பதம் தருகிற பேக் என்றால் வாரம் இரண்டு மூன்று போடலாம். மூக்கும் நெற்றியும் மட்டும் எண்ணெய், கன்னம் காய்ந்தது என்றால் எண்ணெய் வழிகிற இடத்தில் மட்டும் களிமண் போட்டால் போயிற்று. சட்டென்று சிவக்கிற தோலுக்கு வாரம் ஒன்றே அதிகம், அதுவும் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்த்த பிறகு. எலுமிச்சையைப் பற்றிக் கேட்டதற்கு, “ரசத்துக்கு வெச்சுக்கோங்க” என்றார். அப்புறம் அவர் கேட்டதுதான் எனக்கு உறைத்தது: சென்னையில் எண்ணெய்த் தோல்தான், சரி; டில்லிக் குளிரிலும் அதே தோலா?

இவ்வளவும் சொல்ல அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. உங்கள் பொட்டலத்தில் நான்கு வரி ஆகும். இடமில்லை என்று சொல்லாதீர்கள். முன்பக்கம் முழுக்க ஒரு நடிகையின் முகம் இருக்கிறது, அந்த முகத்துக்கு இந்த மண் ஒரு நாளும் தேவைப்பட்டிருக்காது. பின்பக்கம் எறும்பு ஊர்வது போல எழுத்து. என் கண்ணாடிக்கு மேல் எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியும் போட்டுப் பார்த்துவிட்டேன். உங்களில் ஒருவருடைய வாடிக்கையாளர் எண்ணுக்கும் போன் செய்தேன். இருபது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு ஒரு பிள்ளை மிக மரியாதையாகச் சொன்னான்: “உங்கள் தேவைக்கு ஏற்றபடி, மேடம்.” என் தேவை அந்தப் பதில்தான் அப்பா என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். அந்த டப்பாவில் முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. சுவருக்குச் சொல்கிறார்கள். முகத்துக்குச் சொல்ல மாட்டீர்களா?

எங்கள் அம்மா காலத்தில் எண்ணெய்க் குளியலுக்கே கிழமை உண்டு, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. பயத்தமாவு தினமும் தேய்த்தோம், உண்மைதான்; தேய்த்த கையோடு கழுவினோம், காயவிட்டுக்கொண்டு உட்காரவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், ‘பாட்டி வைத்தியம்’ என்று பொட்டலத்தில் வேறு போட்டுக்கொள்கிறீர்கள். எந்தப் பாட்டி என்று தெரிந்தால் நல்லது.

மருந்து, அழகுசாதனப் பொருள்கள் பற்றிய 1940ஆம் வருஷச் சட்டமும் 2020ஆம் வருஷ அழகுசாதன விதிகளும் இருக்கின்றன, தெரியும். ஆபத்து உள்ள பொருளுக்குத்தான் பாதுகாப்புக் குறிப்பும் எச்சரிக்கையும் கட்டாயம், இது வெறும் மண் என்பீர்கள். இருக்கட்டும். சட்டம் கேட்காவிட்டாலும் அச்சிடக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லையே.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நஷ்ட ஈடு கேட்கவில்லை. ‘எல்லா வகைச் சருமத்துக்கும்’ என்பதை எடுத்துவிட்டு, எந்தத் தோலுக்கு வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், குளிர்காலத்தில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று, படிக்கிற அளவு எழுத்தில், தயவுசெய்து போடுங்கள். தமிழிலும் போட்டால் இன்னும் சந்தோஷம். வாரத்துக்கு எத்தனை தடவை? அவ்வளவுதான் கேள்வி.

மீதிப் பொட்டலம் வீணாகவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்க எடுக்கிறேன், எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகவே உறிஞ்சுகிறது. விளக்குக்கு வாரம் ஒரு தடவை போதும் என்பது எனக்கே தெரியும்.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அத்தை,
ஆர்.கே.புரம், புது டில்லி