ஆண்டறிக்கை: கூடார விடுமுறையும் மின் ஸ்கூட்டர் விதிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாகக் குழுவினரே, அன்பான உறவுகளே, வணக்கம்.

இங்கிலாந்தில் இயங்கும் நம் சங்கத்தின் வழமையான பணிகள் இவ்வாண்டும் தடங்கலின்றி நடந்தன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள், பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி பற்றிய விவரங்களை அந்தந்தப் பொறுப்பாளர்கள் தருவார்கள். கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நான் ஆகஸ்ட் மாதக் கூடார விடுமுறைக்கும், அதன்பின் நாம் எழுதிய வாகன விதிகளுக்கும் ஒதுக்கியிருக்கிறேன். காரணம், நான்கு வயதுக் குழந்தை ஒருத்தியின் முழங்கை.

(அழைப்பிதழில் ‘முகாம்’ என்று ஏன் போடுவதில்லை என இளையவர்கள் கேட்கிறார்கள். நம் மூத்தவர்கள் பலருக்கு அந்தச் சொல் வேறு நாட்களை நினைவுபடுத்தும். ‘கூடார விடுமுறை’ என்றே இனியும் எழுதுவோம்.)

சனிக்கிழமை பின்னேரம் மழை விட்டிருந்தது. குழந்தை குழாயடியிலிருந்து தண்ணீர்ப் போத்தலை இரண்டு கைகளாலும் அணைத்தபடி வந்துகொண்டிருந்தாள். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டரில் கூடாரங்களுக்கு இடையால் வந்தான். பெட்ரோல் வண்டியென்றால் சத்தம் கேட்டு யாராவது குழந்தையை இழுத்திருப்பார்கள். இது வந்தது எவருக்கும் கேட்கவில்லை. அவன் பிரேக் பிடித்தான். ஈரப் புல்லில் சில்லு வழுக்கியது. கூடாரக் கயிற்றில் சிக்கிய வண்டி குழந்தையின் மேல் சரிந்தது. முழங்கை எலும்பில் வெடிப்பு. நான்கு வாரம் மாவுக்கட்டு. மறுநாள் காலை அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். புல்லில் ஒரு பாக நீளத்துக்குச் சேற்றுக் கோடு, அதன் முடிவில் பிடுங்குண்டு கிடந்த ஒரு கூடார முளை.

பையன் அன்றிரவு சாப்பிடவில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை என்னிடம் வந்து, “மாமா, இங்கே ஓட்டலாமா?” என்று முறையாகக் கேட்டவன் அவன். “பார்த்து ஓட்டு, தம்பி” என்று சொன்னவன் நான். நில உரிமையாளரின் நிபந்தனைகளில் மின் ஸ்கூட்டருக்குத் தடை என்று தெளிவாக எழுதியிருந்தது. படிக்காமல் கையொப்பமிட்டதும் நான்தான். அந்தப் பெற்றோரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இந்தச் சபையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதன்பின் சட்டத்தைத் தேடிப் படித்தோம். இங்கிலாந்தில் மின் ஸ்கூட்டரை 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கொள்கிறது. சொந்தமாக வாங்கிய ஸ்கூட்டரைத் தெருவிலோ நடைபாதையிலோ ஓட்ட முடியாது. தனியார் நிலத்தில், அதுவும் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் ஓட்டலாம். நகரங்களில் நாம் காணும் வாடகை ஸ்கூட்டர்கள் 2020 இல் தொடங்கிய அரசின் பரீட்சார்த்தத் திட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றை ஓட்டவும் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். கூடார நிலத்தின் வாயிலைத் தாண்டிக் கடைக்குப் போகும் பிள்ளை அந்தக் கணமே பொது வீதியில் நிற்கிறான். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 300 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளிகளும் கிடைக்கலாம்; பொலிஸார் வண்டியையும் எடுத்துக்கொள்ளலாம். பதினேழு வயதில் கார் ஓட்டப் பழகக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்.

செப்டம்பர் கூட்டத்தில் கோபம் அதிகமாக இருந்தது. “மோட்டார் பூட்டிய எதுவும் வேண்டாம்” என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது, கைகளும் உயர்ந்தன. அப்போது பின்வரிசையிலிருந்த நம் மூத்த உறுப்பினர், ஐந்து ஆண்டுகளாக மொபிலிட்டி ஸ்கூட்டரில் (நடக்கச் சிரமப்படுபவர்கள் இருந்து ஓட்டும் மின் வண்டியில்) வரும் அம்மா ஒருவர், “அப்படியானால் நான் கூடாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டுமா, தம்பி?” என்று கேட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்த வண்டி இருப்பதால்தான் அவர் குளியலறைக்கு யாரையும் எதிர்பாராமல் போய்வருகிறார். காலையில் தேநீர் கொண்டுபோய்ப் பிள்ளைகளை எழுப்புகிறார். அவரது வண்டி மணிக்கு 4 மைல் வேகத்துக்கு மேல் போகாது. அது அவருக்குக் கால். இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ உறுப்பினர் உள்ள சங்கங்களை, மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அவரிடம் வேறு பதில் சொல்லியிருக்கக் கூடாது.

தீர்மானம் திருத்தப்பட்டு நிறைவேறியது. மின் ஸ்கூட்டர், ஹோவர்போர்ட், பெட்ரோல் குட்டி மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். காரின் பின்பெட்டியில் மடித்து வைத்திருப்பதும் வேண்டாம், ஏனென்றால் அது எப்படியும் வெளியே வந்துவிடும். மொபிலிட்டி ஸ்கூட்டருக்கும் மின் சக்கர நாற்காலிக்கும் எந்த நேரத்திலும் எந்தத் தடையும் இல்லை. சின்னக் குழந்தைகள் ஏறி ஓட்டும் 12 வோல்ட் பொம்மைக் கார்கள், கயிறு கட்டி ஒதுக்கிய மூலையில் மட்டும், பகலில் மட்டும், பெற்றோர் கூடவே நடந்தால் மட்டும். மிதிவண்டி வரலாம். இந்த நாட்டில் கூடார விடுமுறைக்கான முதல் கழகத்தை 1901 இல் தொடங்கியவர்களே மிதிவண்டிக்காரர்கள்தான். அதைத் தடுக்க எங்களுக்கு மனமில்லை. மோட்டார் துணையுள்ள மிதிவண்டியைச் சட்டப்படி 14 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டக் கூடாது. கூடாரங்களுக்கு நடுவே எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

மின்னேற்றம் பற்றி நான் பிடிவாதமாக இருந்தேன். கூடாரத்துக்குள் எந்த வண்டியின் பற்றரியையும் மின்னேற்றக் கூடாது. லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் துணிச்சுவருக்குள் படுத்திருப்பவர் எழும்ப நேரமிராது. லண்டன் சுரங்க ரயில்களிலும் பஸ்களிலும் மின் ஸ்கூட்டரை 2021 டிசம்பரில் தடைசெய்ததற்குக் காரணமே ரயிலில் பிடித்த தீதான். மொபிலிட்டி ஸ்கூட்டர்களுக்கு மட்டும் திறந்த கொட்டகையின் கீழ் ஓர் இணைப்பு எடுத்துத் தருவோம். பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது.

இரண்டு குடும்பங்கள் இந்த விதிகள் கடுமை என்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து எழுப்பியது அந்த ஸ்கூட்டர்தான் என்று ஒரு தந்தை சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. ஆகையால் அடுத்த ஆண்டு கிளித்தட்டு, எல்லே ஆகிய ஓடியாடும் விளையாட்டுகளுக்குத் தனியிடம் கேட்டிருக்கிறோம். அந்தத் தந்தையே பொறுப்பேற்றிருக்கிறார். குழந்தையின் கை நன்றாக ஆறிவிட்டது. பொங்கல் விழாவில் கோலாட்டம் ஆடினாள். ஸ்கூட்டர் ஓட்டிய பையன் முன்வரிசையில் இருந்து பார்த்தான்.

முற்பதிவுப் படிவத்துடன் இம்முறை விதிகளும் நில உரிமையாளரின் நிபந்தனைகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணைக்கப்பட்டுள்ளன. மார்ச் 31 க்கு முன் ஒப்பமிட்டுத் தாருங்கள். மொபிலிட்டி ஸ்கூட்டருடன் வருபவர்கள் அதைப் படிவத்தில் குறிப்பிட்டால், கற்பாதைக்கு அருகே உள்ள இடங்களை உங்களுக்கே முதலில் ஒதுக்குவோம்.

நன்றி.
செயலாளர்