காற்று புகும் இடத்தில் நீர் சொட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டி நீரைச் சுத்திகரிக்கும் மூடிய டப்பாவான கேனிஸ்டர் ஃபில்டரிலிருந்து ஓயாமல் காற்றுக் குமிழிகள் வருவதாகவும் மோட்டார் இரைவதாகவும் வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு, மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுமாறு தங்கள் இதழில் ஒரே வரியில் பதில் வெளியாகியிருந்தது. அந்த வளையமும் காரணமாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காற்று எங்கே புகுகிறது என்று பார்க்காமலே உதிரிபாகம் வாங்கினால், பல வேளைகளில் காசு கரையுமே தவிரக் குமிழி நிற்காது.

இந்த ஃபில்டர் தொட்டிக்குக் கீழே வைக்கப்படுவது. தொட்டி நீர் உறிஞ்சுகுழாய் வழியே தானாக இறங்கி வந்து, பஞ்சுகளையும் பீங்கான் வளையங்களையும் கடந்து, மூடியிலுள்ள மோட்டாரால் மீண்டும் மேலே தள்ளப்படுகிறது. 1 மீட்டர் உயர நீர், காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தைத் தரும். ஆகவே கீழே இருக்கும் டப்பாவில் இடைவெளி ஏற்பட்டால் வழக்கமாக நீர்தான் வெளியே கசியும். தொட்டி விளிம்பைத் தாண்டி வளையும் குழாயின் நிலை இதற்கு நேர்மாறானது. அது நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் அதன் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்குள்ள இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும், ஒரு சொட்டு நீரும் வெளிவராமல் காற்று மட்டும் உள்ளே இழுக்கப்படும். தரை காய்ந்திருக்கிறது, எனவே இணைப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

ஆதலால் முதலில் பார்க்க வேண்டியது உறிஞ்சுகுழாய். மோட்டார் ஓடும்போது குழாயின் பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், நீரோடு சேர்ந்து இறங்கும் குமிழிகள் தெளிவாகத் தெரியும். அவை தெரிந்தால் டப்பாவைத் திறக்கவே தேவையில்லை. நீர் ஆவியாகி மட்டம் தாழ்ந்து உறிஞ்சுவாய் மேற்பரப்பை நெருங்கியிருக்கிறதா, தொட்டிக்குள் குமிழி விடும் காற்றுக்கல் அதற்கு மிக அருகில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து இணைப்புகளுக்குச் செல்லலாம். பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் மென்மை இழந்து விறைத்துவிடும். முனை அகன்று, இணைப்பைப் பற்றாமல் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, வால்வுகளை மூடிவிட்டு, அந்த முனையில் 2 சென்டிமீட்டரை நேராக வெட்டி நீக்கி, புதிய முனையைச் சிறிது நேரம் வெந்நீரில் பிடித்து, இணைப்பின் கடைசி வரிவரை தள்ளிச் செருகி மரையை இறுக்கினால் போதும். குழாய் நீளம் இதற்கு இடம்கொடுக்கவில்லை என்றால் மட்டும் புதிய குழாய் வாங்கலாம்.

எந்த இணைப்பு என்று தெரியாதபோது, ஒவ்வொன்றாகச் சுற்றிலும் சிலிக்கான் கிரீஸைத் தடிமனாகப் பூசிச் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். குமிழி நின்றுவிட்டால் இடம் அகப்பட்டுவிட்டது. மற்ற இயந்திரங்களில் செய்வதுபோலச் சோப்பு நுரையைத் தடவிச் சோதிப்பது இங்கே கூடவே கூடாது. காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் சோப்பும் சேர்ந்தே போகும். அது மீன்களின் செவுள்களைப் பாதிக்கும்.

உறிஞ்சுகுழாயில் குமிழியே இல்லை, ஆனால் நீர் திரும்பும் குழாயில் வருகிறது என்றால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்து மூடிய ஓரிரு நாளுக்குள் வருவது பெரும்பாலும் பஞ்சுகளுக்கிடையே தங்கிய காற்றுதான். டப்பாவை மெல்ல அப்படியும் இப்படியும் சாய்த்தால் வெளியேறிவிடும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே வருவதைவிட அதிகமாக மோட்டார் இழுக்க முயலும்போது அழுத்தம் தாழ்ந்து, நீரில் கரைந்திருக்கும் வாயுவே பொடிக் குமிழிகளாகப் பிரியக்கூடும். மெல்லிய பஞ்சை மட்டும் வெளியே எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இவை இரண்டும் இல்லையென்றால்தான் மூடியின் வளையத்துக்கு வர வேண்டும்.

அதையும் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. கழற்றி, விரல் நுனியால் ஒரு முழுச் சுற்று தடவினால், மணல் துகளோ, முடியோ, தட்டையாகிப்போன பகுதியோ கையில் தட்டுப்படும். அது அமரும் பள்ளத்தையும் துடைத்து, உற்பத்தியாளர் வேறு சொல்லாதவரை சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசிப் பொருத்தினால், பல வளையங்கள் மீண்டும் இறுக்கமாக அமரும். பெட்ரோலியம் ஜெல்லி சில வகை ரப்பரை உப்பச் செய்யும் என்பதால் தவிர்ப்பது நல்லது. தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். குமிழியே இல்லாமல் இரைச்சல் மட்டும் கேட்டால், அது மோட்டாரில் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் அல்லது அதன் தண்டின் கோளாறாக இருக்கலாம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இரைச்சல் மட்டும் காரணமன்று. மோட்டாரில் காற்று சேரச் சேர நீரோட்டம் தளர்ந்து, ஒரு கட்டத்தில் நின்றே போகலாம். மீன்கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டருக்குள்தான் பெருமளவில் வாழ்கின்றன. ஓட்டம் நின்றால் அவற்றுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரை அப்படியே இயக்கி, உள்ளே கெட்டுப்போன நீரைத் தொட்டிக்குள் விடவும் கூடாது. அதைக் கொட்டிவிட்டு, பஞ்சுகளைத் தொட்டி நீரிலேயே அலசிய பிறகுதான் இயக்க வேண்டும்.

இனி இத்தகைய கேள்வி வரும்போது, குமிழி முதலில் எந்தக் குழாயில் தெரிகிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்யப்பட்டது, மோட்டாரை நிறுத்தினால் டப்பாவின் அடியில் நீர் சொட்டுகிறதா ஆகிய மூன்றையும் வாசகரிடம் கேட்டறிந்து பதில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர்