பதினோரு மணிக்கு மேசையைத் தட்டியவனுக்கு

அலுவலக நண்பர்கள் எல்லோருக்கும்,

நான் சிகரெட்டை விட்டு இன்றோடு 90 நாள். எந்த நிலைமையில் போய் நம் அலுவலகத்தின் புகைப்பழக்கத்தை விடும் திட்டத்தில் பெயர் கொடுத்தேன் என்பது உங்களுக்கே தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம். நேற்று ஊதிப் பார்க்கும் கருவியில், புகைப்பவர்களின் மூச்சில் கூடுதலாக இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயு 2 என்று வந்தது. முதல் நாள் அதே கருவியில் 26. கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலோசனையை வேலை நேரத்துக்குள்ளேயே வைத்த மனிதவளத் துறைக்கு நன்றி (வேலை முடிந்த பிறகு என்றிருந்தால் ஒருநாள்கூட வந்திருக்க மாட்டேன்). நிக்கோட்டின் சூயிங்கத்தை மிட்டாய் மாதிரி மென்று தள்ளி விக்கலோடு வந்து நின்றவனிடம், "மெதுவா மெல்லுங்க, சுருக்குன்னு காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கிடுங்க, காபி குடிச்ச கையோட போடாதீங்க" என்று அலுக்காமல் மூன்று தடவை சொன்ன நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. அப்புறம் முதல் இரண்டு வாரம் நான் எரிந்து விழுந்ததையெல்லாம் பொறுத்துக்கொண்ட எங்கள் டீமுக்கு, நன்றியோடு ஒரு மன்னிப்பும்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது வேறொருவனுக்காக. அவன் திட்டத்தில் சேரவில்லை, இன்னும் புகைக்கிறான், பெயரைப் போட்டால் கொன்றுவிடுவேன் என்கிறான். ஆறு வருஷமாக தினமும் பதினோரு மணிக்கு வந்து என் மேசையை இரண்டு தட்டு தட்டுவான், ஒன்றும் பேசாமல் எழுந்து போவோம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். நான் விடப்போகிறேன் என்றதும் "சரி" என்றான். இனிமேல் தட்ட மாட்டான் என்று நினைத்தேன், உண்மையில் சிகரெட்டை விடுவதைவிட அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் தலை வெடிக்கிற மாதிரி இருந்தது. நானே தேடிப் போய் "ஒண்ணு குடுடா" என்று கையை நீட்டினேன். அவன் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு திரும்பச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்தான். "அஞ்சு நிமிஷம் பேசிட்டு இரு. அப்பவும் வேணும்னா தரேன்." நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்ததே, புகைக்கும் ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும், தள்ளிப்போடுங்கள் என்று, அதை எங்களில் ஒழுங்காகப் படித்தவன் அவன் ஒருத்தன்தான் போல. அப்புறம் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகும் கதையை ஆரம்பித்தான். வாஷர் மாற்றினானாம், அப்பவும் ஒழுகியதாம், மாமனார் வந்து திருகியதில் கைப்பிடியே கழன்றதாம். சொல்லும்போதெல்லாம் லைட்டரை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தான், பற்றவைக்கவில்லை. என் கண் அந்த லைட்டரில்தான் இருந்தது. ஆனால் கதை முடிந்தபோது நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை, அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு தட்டு. படிக்கட்டில் இறங்கி வாசல் வரை நடந்து திரும்பினோம். அதிலிருந்து தினமும் அப்படித்தான். அவனுடைய சிகரெட்டுக்கு அவன் தனியாக, பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போகிறான் என்பதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். என் மேல் வாடை படக்கூடாதாம்.

டேய், உன்னையும் விடச் சொல்லி நச்சரிக்க மாட்டேன், அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என்றைக்காவது உனக்குத் தோன்றினால், அந்த மூன்றாம் நாள் நான் லீவு போடாமல் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சொல்ல என் வீட்டிலும் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.