ஆறு மணி நிலையில் ரூட்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. தைப்பூசக் காவடிக்குக் குடும்பத்தோடு வருகிறாய் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மகன் சாய்ந்த பைப்பைச் சுற்றி வெல்டு போடும் 6ஜி தேர்வில் தேறவில்லை, பைப்பின் அடிப்பக்கம், கடிகார முகமாகப் பார்த்தால் ஆறு மணி நிலையில், ரூட் என்கிற முதல் வெல்டு வரிசை உள்ளே குழிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அவன் கையைக் குறை சொல்லுமுன் பைப்பை எப்படிப் பொருத்துகிறான் என்று பார்.

ரூட் போடும் 3.2 மி.மீ. 6010 வெல்டிங் ராடுக்கு, இரு பைப் முனைகளின் இடைவெளி சுமார் 3 மி.மீ., ரூட் ஃபேஸ் (முனையில் சரிக்காமல் விடும் தட்டை விளிம்பு) 1.5 முதல் 2 மி.மீ. இருக்கட்டும். டேக் (பைப்புகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) ஆறும்போது இடைவெளி சுருங்கும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் மறுபடி அளக்க வேண்டும். டேக்கின் இரு முனைகளையும் கிரைண்டரில் மெல்லிசாகச் சரித்துவிடச் சொல். தடித்த முனையில் ரூட் பிடிக்காது. வளைவுச் சோதனையில் முதலில் வாய் பிளப்பது அங்கேதான்.

மின்சாரம் டிசி, ராடு பாசிட்டிவ், 80 முதல் 90 ஆம்பியர். தொடக்கம் சரியாக ஆறு மணியில் வேண்டாம். ஆறரையில் தொடங்கி ஆறைக் கடந்து ஏறட்டும். அடியில் ராடு நுனியை இடைவெளிக்குள்ளேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறி, பைப்புக்குள் இரைவது காதில் கேட்கும். ஆர்க் நீண்டால் உருகிய இரும்பு தன் எடையில் வெளிப்பக்கம் தொங்கும், உள்ளே பள்ளம் விழும். அவனுக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். கீ ஹோல், அதாவது உருகிய குழம்புக்கு முன்னால் திறக்கும் ஓட்டை, ராடைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கலாம். அதற்குமேல் விரிந்தால் ராடை முன்னே வீசித் திரும்பும் நேரத்தைக் கூட்டி ஆறவிட வேண்டும். மூன்று மணியை நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் உள்ளே அதிகமாகப் புடைக்கும். பைப் 45 டிகிரி சாய்ந்திருப்பதால் குழம்பு கீழ் விளிம்புக்கு ஓடும். ராடு மேல் விளிம்பைப் பார்க்கட்டும், அங்கே ஒரு கணம் கூடுதலாக நிற்கட்டும்.

ரூட்டைத் தேய்க்கும்போது இரு ஓரத்து ஸ்லாக்கை (கசடை) எடுத்தால் போதும். அதிகம் தேய்த்தால் அடுத்த வரிசையான ஹாட் பாஸில் ஓட்டை விழும். அதற்குமேல் போடும் 7018 ராடை வீசவே கூடாது, வீசினால் துளை விழும். ஆர்க்கைக் குறுக்கிப் பிடித்து, 10 மி.மீ. முன்னால் பற்றவைத்துப் பின்னுக்கு வந்து நகர வேண்டும். பற்றவைத்த இடம் மறுபடி உருகிவிடும்.

ராடு விஷயத்தில் நம் கடற்கரைப் புழுக்கத்தை மறக்காதே. 7018 பெட்டி திறந்ததும் 120 டிகிரி ஓவனுக்குப் போகட்டும்; வெளியே நான்கு மணி நேரத்துக்குமேல் வேண்டாம். ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும். 6010-ஐ மட்டும் ஓவனில் வைக்கக் கூடாது. அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை. காய்ந்தால் ஆர்க்கின் வேகம் போய்விடும்.

மகனை இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பு. பைப் துண்டுகள் வெட்டி வைக்கிறேன். ஏழு மணி நிலைக்கும் ஐந்து மணி நிலைக்கும் இடையில் மட்டும் திரும்பத் திரும்பப் போடட்டும். ஹெல்மெட்டில் 10-ஆம் எண் கண்ணாடி போட்டுக் கொண்டுவரட்டும். அதைவிடக் கறுப்பாக இருந்தால் கீ ஹோல் தெரியாது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்