பிச்சாவரத்தில் எங்கள் மாணவர்களுக்குச் சூழலியல் கற்பித்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளியின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான சூழலியல் அறிமுகப் பாடத்தை இவ்வாண்டு பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலேயே நடத்த முடிந்ததற்குப் பலர் காரணமானவர்கள். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவர்களில் பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லி நன்றி தெரிவிக்கிறேன்.

தனி உயிரி, உயிரித்தொகை (ஓரிடத்தில் வாழும் ஒரே இனத்தின் கூட்டம்), உயிரினக் குழுமம் (அங்கே சேர்ந்து வாழும் பல இனங்கள்), சூழல் மண்டலம் (அவற்றோடு நீர், மண் முதலிய சூழலும்), உயிர்க்கோளம் (புவியில் உயிர்கள் வாழும் பகுதி முழுவதும்) என்ற சூழலியல் படிநிலை வரிசையை எந்த மாணவரும் ஒப்பித்துவிடுவார். ஒன்றைவிட அடுத்தது அளவில் பெரியது என்பதற்கு மேல் அந்த வரிசை அவருக்கு எதையும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய கேள்வியே மாறுகிறது என்பதைக் கரும்பலகைப் படம் காட்டாது, நீங்கள் காட்டினீர்கள்.

முதலில் படகோட்டிகளுக்கு நன்றி. வெள்ளாற்று முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள இக்காட்டின் வாய்க்கால்களில், நீர் வற்றும் நேரம் பார்த்து அழைத்துச் சென்று, கேட்ட இடமெல்லாம் துடுப்பை நிறுத்திப் பொறுமை காத்தீர்கள். வெண்கண்டல் இலையை நாவில் வைத்துப் பார்க்கச் சொன்னவர் உங்களில் மூத்தவர். உள்ளே நுழைந்த உப்பை அம்மரம் இலை வழியே வெளியேற்றுவதையும், உப்புச் சுரப்பி இல்லாத சுரபுன்னை அதை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடுவதையும் அடுத்தடுத்துக் கண்ட மாணவர்களுக்கு, தனி உயிரி என்ற படியில் கேட்கவேண்டிய கேள்வி எது என்று நான் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

வனத்துறைக் காவலர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. தில்லை மரத்தின் பால் கண்ணுக்குக் கேடு என்று எச்சரித்து எங்களைத் தள்ளி நிறுத்திய காவலர், அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்றும் சொன்னார். "பக்கத்தில் ஆண் மரமே இல்லாவிட்டால்?" என்று ஒரு மாணவி உடனே கேட்டார். உயிரித்தொகை என்ற கருத்துக்கு அதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. பிறப்பு வீதமும் இறப்பு வீதமும் ஒற்றை மரத்திற்கு இல்லை, கூட்டத்திற்கே உண்டு. பிறகு பிளாஸ்டிக் குழாயால் செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து நண்டு வளைகளை எண்ணியபோது, எல்லா வளையிலும் நண்டு இருக்காது என்று அக்காவலர் நினைவூட்டியதால், எண்ணுவதற்கும் மதிப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடும் அங்கேயே பாடமாயிற்று.

அடுத்த படியான உயிரினக் குழுமத்திற்கு வந்தபோது, கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்தினர், இலை மக்கிக் கிடக்கும் சேற்றில் ஏன் தேடுகிறார்கள் என்று விளக்கினர். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் பயின்ற ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து, உதிர்ந்த இலையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் படிவதையும், நண்டுகள் அதைத் துண்டாக்குவதையும், அத்துகள்களை இறால் உண்பதையும், இறாலை மீனும் பறவையும் உண்பதையும் எடுத்துரைத்தனர். பச்சை இலையைவிட மக்கிய இலையே இங்கே பல உயிர்களின் உணவுக்கு அடிப்படை என்பதைக் கேட்டு வியந்தவர்களில் நானும் ஒருவன். முன்னவர்களின் அனுபவமும் பின்னவர்களின் ஆய்வும் ஒரே சேற்றில் நின்று பேசிய அந்த உரையாடலை ஏற்பாடு செய்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தனி நன்றி.

சூழல் மண்டலத்தை விளக்க, மீன் முள் வடிவில் வெட்டப்பட்ட கால்வாய்கள் போதுமானவையாக இருந்தன. முற்காலத்தில் மரங்கள் பகுதி பகுதியாக முழுதும் வெட்டப்பட்டதால் வெயில்பட்ட மண் சுருங்கித் தாழ்ந்தது; பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உவர்ப்பு மிகுந்தது; அதன்பின் கன்றுகள் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் சேர்ந்து கால்வாய் வெட்டி, ஓதநீர் (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர்) வந்து போக வழிசெய்து, பிறகே கன்றுகளை நட்டனர். நீரோட்டத்தைச் சீராக்காமல் மரத்தை மட்டும் நடுவது பயன் தராது என்பதை அக்கால்வாய்க் கரையில் நின்று விளக்கிய களப்பணியாளர்களுக்கு நன்றி.

உயிர்க்கோளத்தைப் பற்றி அன்று அதிகம் பேசவில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகளைச் சொன்னதும், 2022இல் இவ்விடம் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டதன் பொருளைச் சொன்னதும் தொடக்கத்திற்குப் போதும் என்று கருதுகிறேன்.

அனுமதி அளித்த தலைமையாசிரியருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோருக்கும், விடியுமுன் புளிச்சோறு கட்டித் தந்த சமையலர்களுக்கும் என் நன்றி.

மாணவர்கள் வரைந்தும் எழுதியும் முடித்த களக்குறிப்பேட்டின் படிகளை உங்கள் அனைவருக்கும் அனுப்பியுள்ளோம். மரங்களுக்கும் மீன்களுக்கும் நீங்கள் வழங்கும் பெயர்களைச் சேர்த்துக்கொள்ள ஓரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். எழுதித் திருப்பி அனுப்பினால் அடுத்த ஆண்டு வகுப்பில் அதையே பயன்படுத்துவோம்.

நன்றியுடன்,
உயிரியல் ஆசிரியர்